சுத்தமான பூவராகவன்

ஜெனிபரிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் அந்தக் கம்பெனியில் குறைவு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், மோட்டார் சைக்கிளுக்குச் சின்னச் சின்னத் தகட்டு பாகங்கள் அடிக்கிற பிரஸ் ஷாப் அது. ஜெனிபருக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேஜை. அடித்து வந்த பாகத்தில் பிசிறு இருக்கிறதா, கோணல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பது வேலை. தகட்டில் பிசிறு பார்த்துப் பார்த்து மனுஷர் பேச்சிலும் பிசிறு பார்க்கிற வியாதி அவளுக்கு வந்துவிட்டது.

வியாதி முற்றியதற்குக் காரணம் ஒரு பிரியாணி. சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனிக்குத் திடீரென்று தொழிலாளர் மேம்பாட்டில் அக்கறை பிறந்து, சென்னையிலிருந்து ஒரு அம்மாளை அனுப்பி நாள் முழுக்க வகுப்பு எடுக்க வைத்தார்கள். தலைப்பு, தவறான வாதங்களை அடையாளம் காண்பது எப்படி. தகடு அடிக்கிறவர்களுக்கு இது எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. மத்தியானம் பிரியாணி என்று போர்டில் எழுதியிருந்ததால் யாரும் கேட்கவும் இல்லை. அந்த அம்மாள் நல்ல மாதிரி. ஒவ்வொரு கோணல் வாதத்துக்கும் ஒரு இங்கிலீஷ் பெயர், சிலதுக்கு வாயில் நுழையாத லத்தீன் பெயர் சொல்லி, திரையில் படம் போட்டு விளக்கினார். பிரியாணி உள்ளே இறங்கியதும் பெயரெல்லாம் வெளியே போய்விட்டது. ஆனால் ஆட்கள் நினைவில் நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பின்வரிசையிலிருந்து யாராவது, இது அச்சு அசல் நம்ம இன்னார் என்று முணுமுணுக்க, அந்தப் பெயரே அந்த வாதத்துக்கு நிலைத்துவிட்டது.

கணேசன் என்றால், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கேட்டவன் மேலேயே பாய்வது. கணேசன் அந்த ஷாப்பின் சூப்பர்வைசர். கக்கூஸில் சோப்பு இல்லையே சார் என்று கேட்டால், நேற்று நீ லேட்டாக வந்தாயே அதற்கு என்ன சொல்கிறாய் என்பார். கங்கம்மா என்றால் அழுது ஜெயிப்பது. கேன்டீனில் சாம்பார் உப்பாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஆம்பளைத் துணை இல்லாமல் மூன்று பெண்களை வளர்த்தவளைப் பார்த்தா இப்படிக் கேட்கிறாய் என்று கங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைப்பாள். கேட்டவன் உப்புச் சாம்பாரை இரண்டாம் முறை வாங்கிக் குடித்துவிட்டுப் போவான். மதிவாணன் என்றால் உலகத்தில் இரண்டே வழி என்று மிரட்டுவது. மேனேஜர் மதிவாணனைக் கேட்டால், ஒன்று ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வா, இல்லையென்றால் கம்பெனியை இழுத்து மூடிவிட்டு எல்லாரும் பழவேற்காட்டுக்கு மீன் பிடிக்கப் போகலாம். நடுவில் சனிக்கிழமை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஜெனிபர் தன் சொந்தப் புருஷனையும் விட்டுவைக்கவில்லை. எபினேசர் என்றால் சறுக்கிக்கொண்டே போவது. இன்றைக்கு மிக்ஸி கேட்பாய், நாளைக்கு ஏசி கேட்பாய், அடுத்த வருஷம் நாமெல்லாம் பஸ் ஸ்டாப்பில்தான் படுத்திருப்போம்.

ஷாப்பில் யார் எதைப் பேசினாலும் ஜெனிபர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "கணேசன்" என்பாள், "கங்கம்மா" என்பாள். கிரிக்கெட்டில் அம்பயர் விரல் தூக்குகிற மாதிரி. பேசியவன் அவுட். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். தோற்றவனும் சிரித்துத்தான் ஆகவேண்டும். அதில் அவளுக்கு இருந்த திமிர் கொஞ்ச நஞ்சமல்ல.

இந்தப் பெயர்களிலேயே உயர்ந்த சரக்கு, பூவராகவன். கவரப்பேட்டைக்காரர், மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் ஆபரேட்டர், காண்ட்ராக்ட் ஆள். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்துவிட்டால் போதும், முன்னதுதான் பின்னதைப் பெற்றது என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுவார். புதுச் செருப்பு வாங்கின வாரம் லோக்கல் ரயில் லேட்டாக வந்தது. செருப்பை மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் ரயில் நேரத்துக்கு வந்தது. அதற்கு மேல் அந்த மனுஷனிடம் யார் என்ன பேச முடியும்? ஆனால் தங்கமானவர். சாயங்காலக் கம்பெனி பஸ்ஸில் துண்டு போட்டு ஜெனிபருக்கு ஜன்னலோரம் பிடித்து வைப்பதும் அவர்தான்.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள், அமாவாசை அன்றைக்குப் பூசை முடிந்ததும் மூன்றாம் நம்பருக்குப் பசி எடுக்கிறது என்றார். கம்பெனியில் மாதாமாதம் அமாவாசைக்கு மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துச் சூடம் காட்டுவது வழக்கம். பூசைக்குப் பிறகு மிதித்தால் ஒரு மிதிக்கு இரண்டு அடி அடிக்கிறதாம். பிரஸ் என்றால் பெடலை ஒரு தரம் மிதித்ததும் மேலிருக்கிற கனத்த இரும்புத்தலை ஒரே ஒரு தரம் இறங்கி அடித்துவிட்டு, மேலே போய் நின்றுவிட வேண்டும். அது நின்ற பிறகுதான் ஆபரேட்டர் கையை விட்டு அடித்த பாகத்தை எடுப்பார். நிற்காமல் தானாக இன்னொரு தரம் இறங்கினால் பாகத்தோடு சேர்ந்து விரலும் தட்டையாகிவிடும். இரண்டு அமாவாசை அப்படி இறங்கியது, ஆண்டவன் புண்ணியத்தில் நான் கையை விடவில்லை என்றார். மறுநாள் மெயின்டெனன்ஸ் ஆள் வந்து மிதித்துப் பார்த்தால் மூன்றாம் நம்பர் பச்சைக் குழந்தை மாதிரி ஒரு மிதிக்கு ஒரு அடி அடித்துவிட்டு நின்றது.

காரணத்தையும் பூவராகவனே வைத்திருந்தார். முன்பெல்லாம் அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைப்பார்கள். கணேசன் சூப்பர்வைசராக வந்த பிறகு பூசணிக்காய் எலுமிச்சம்பழமாகச் சுருங்கிவிட்டது. அங்காளம்மனுக்கு அது பத்தவில்லை. அதனால் மெஷின் வழியாக ரத்தம் கேட்கிறாள். இதை அவர் கண்ணில் பயத்தோடு சொல்லி முடித்ததும் ஜெனிபர் ஒரு பாகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "சுத்தமான பூவராகவன்" என்றாள். ஷாப்பே சிரித்தது. பூவராகவனும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். ஆனால் அடுத்த அமாவாசைக்குப் பூசை முடிந்த கையோடு வயிற்று வலி என்று வீட்டுக்குப் போய்விட்டார், மூன்றாம் நம்பர் ஓட்ட ஆளில்லாமல் நின்றது.

கணேசன் விடுவாரா? காண்ட்ராக்ட் ஆளுக்கு அம்மன் பெயரில் லீவா என்று மேனேஜர் வரைக்கும் கொண்டுபோனார். மேனேஜர் அறையில் விசாரணை. பாதுகாப்புக் கமிட்டியில் பெண் ஒருத்தி இருந்தாக வேண்டும் என்பதற்காக ஜெனிபர் பெயரைப் போட்டு வைத்திருந்தார்கள், அதனால் அவளையும் கூப்பிட்டார்கள். போவதற்கு முன்னால் பூவராகவன் கேன்டீன் பக்கமாக வந்து நின்று, எனக்காக ரெண்டு வார்த்தை பேசும்மா, நீ சொன்னால் கேட்பார்கள் என்று கெஞ்சினார். வேலை போனால் இந்த வயதில் வேறு எந்தக் கம்பெனி எடுக்கும் என்றார். நான் உண்மையைத்தான் பேசுவேன் அண்ணா என்று ஜெனிபர் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே தன் மேல் ஒரு பெருமை.

உள்ளே போய்ப் பேசினாள் பாருங்கள், பேச்சா அது? மெஷின் இரண்டு அடி அடித்த இரண்டு அமாவாசைக்கும் நடுவில் வந்த கார்த்திகை அமாவாசையை எடுத்தாள். அன்றைக்குப் புயல் மழையில் கரண்ட் போய், கூரை ஒழுகி, பூசையே நடக்கவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்ததும் மூன்றாம் நம்பர் ஓடியது, ஓட்டியவர் இதே பூவராகவன். ஒரு மிதிக்கு ஒரு அடிதான்.

"எலுமிச்சம்பழம் பத்தலன்னு கோவிச்சுக்குற அம்மன், பழமே இல்லாத அன்னிக்கு இன்னா பண்ணியிருக்கணும்? மிஷினையே முழுங்கியிருக்கணும். சும்மா இருந்தாளே. பூசைக்கும் பிரஸ்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சார்."

மேனேஜர் மதிவாணன் அசந்துபோனார். கணேசன் மேஜையைத் தட்டினார். பூவராகவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பிசிறு இல்லாத ஒரு வாதத்தைச் சொன்னார்.

"அப்போ பூசை முடிஞ்சதும் நீ குந்துவியாமா, மூணாம் நம்பர்ல?"

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவதற்கு முன்னால் ஜெனிபரும் பிரஸ் ஓட்டியவள்தான். வாய் முந்திக்கொண்டது. குந்துறேன் என்றாள். மதிவாணனுக்கு வழக்கம்போல இரண்டு வழி தெரிந்துவிட்டது. வருகிற அமாவாசை பூசைக்குப் பிறகு ஜெனிபர் மூன்றாம் நம்பரை ஓட்டுவாள். மெஷின் இரண்டு அடி அடித்தால் பூவராகவன் சொன்னது நிஜம், அவருக்கு வேறு மெஷின். ஒன்றும் ஆகவில்லை என்றால் அன்றைக்கே அவர் கேட்டில் ஐடி கார்டைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஜெனிபருக்கு உறைத்தது. அவள் ஜெயித்தால் அந்த மனுஷனுக்கு வேலை போய்விடும். தோற்றால் அவள் விரல் போகும் என்பது அப்போது உறைக்கவில்லை. தோற்பதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

அமாவாசை வந்தது. கணேசனுக்கு மெஷின்கள் பளபளக்க வேண்டும். சூடம் காட்டுகிற போட்டோவை வாட்ஸ்அப்பில் முதலாளிக்கு அனுப்புவார். அதனால் காலையிலேயே அவரவர் மெஷினை அவரவர் எண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். மற்றவர்கள் ஏதோ பேருக்கு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். பூவராகவன் அப்படியில்லை. கோயிலில் வைத்துக் கும்பிட்டு எடுத்து வந்த நல்லெண்ணெய் பாட்டிலைத் திறந்து, மூன்றாம் நம்பரைத் தலையிலிருந்து கால்வரைக்கும் குளிப்பாட்டினார். மற்ற அமாவாசைகளைவிட அன்றைக்கு இரண்டு மடங்கு. இன்னாணா, தீபாவளியா என்று ஜெனிபர் கேட்டதற்கு, இன்னிக்கு உள்ள போவப்போறது உன் கையில்லியா, அதான் அம்மன் மனசு குளிரட்டும்னு ஊத்துறேன் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஜெனிபர் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

பூசை நடந்தது. ஜெனிபர் வேதக்காரி, சூடம் ஒற்றிக்கொள்ள வரமாட்டாள், சுண்டலுக்கு மட்டும் முதல் ஆளாக வருவாள். அன்றைக்கும் சுண்டலை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் நம்பர் முன்னால் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் கூட்டம். கணேசன் செல்போனில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றார். அப்போது பூவராகவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு நீள இடுக்கியை நீட்டினார். அதன் நுனியில் மஞ்சள் கயிற்றால் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டியிருந்தார்.

பாகத்தை இடுக்கியால் எடுப்பதுதான் விதி. கையால் எடுப்பதுதான் பழக்கம், ஏனென்றால் அதுதான் வேகம். இந்த விதியை யாராவது ஞாபகப்படுத்தியிருந்தால் ஜெனிபர் ஒருவேளை கேட்டிருப்பாள். பூவராகவன் சொன்ன காரணமோ, பழம் முன்னால் போனால் அம்மன் பழத்தை எடுத்துக்கொண்டு விரலை விட்டுவிடுவாள் என்பது. "பூவராகவன்" என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"என் வேல போனா போவுது. நீ இதை மட்டும் வெச்சுக்கோமா."

தொல்லை விட்டால் சரி என்று வாங்கிக்கொண்டாள். மிதித்தாள். தலை இறங்கி அடித்து மேலே போய் நின்றது. இடுக்கியால் பாகத்தை எடுத்துப் பெட்டியில் போட்டாள். மறுபடி மிதித்தாள், எடுத்தாள். கூட்டத்தில் ஒருவன் கொட்டாவி விட்டான். கணேசன் பூவராகவனைப் பார்த்துக் கேட் பக்கம் கண்ணைக் காட்டினார். பாவம், பெட்டி நிறைய நிறைய அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் ஜெனிபர் மெஷினையே பார்த்தாள். மிதித்தாள், அடித்தது, மேலே போனது. இடுக்கியை உள்ளே விட்டாள். மிதிக்காமலே தலை மறுபடி இறங்கியது.

இடுக்கியின் வாய் அப்பளமாகிவிட்டது. எலுமிச்சம்பழச் சாறு கணேசனின் செல்போனிலும் மூக்கிலும் தெறித்தது. யாரோ ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்கள். ஜெனிபர் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்கள் எல்லாம் இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. கங்கம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளைவிடச் சத்தமாக அழுதாள். ஜெனிபர் அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

பூவராகவனுக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை மந்திரிக்குக் கிடைக்காது. அம்மன் பழத்தை எடுத்துக்கொண்டு பெண்ணை விட்டுவிட்டாள் என்று ஷாப் முழுக்கப் பேச்சு. கணேசன் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒரே அடியில் பரம பக்தராகிவிட்டார். வெள்ளிக்கிழமை மகா பூசை, வாசலில் ஆளுயரத்துக்குப் பூசணிக்காய், எல்லா மெஷினுக்கும் குடம் குடமாக நல்லெண்ணெய் அபிஷேகம் என்று அறிவித்தார். மேனேஜரும் தலையாட்டினார்.

ஜெனிபர் மூலையில் உட்கார்ந்து கங்கம்மா கொடுத்த டீயைக் குடிக்கப்போனாள். கையிலிருந்து நல்லெண்ணெய் வாசனை வந்தது. அவள் எண்ணெயைத் தொடவில்லையே, எங்கிருந்து வந்தது என்று எழுந்துபோய் மூன்றாம் நம்பரைப் பார்த்தாள். பக்கவாட்டில் உருளை மாதிரி ஒரு பிரேக் டிரம், அதைச் சுற்றி இறுக்கமாக ஒரு பட்டை. அந்தப் பட்டை பிடித்து நிறுத்துவதால்தான் அடித்து மேலே போன தலை அங்கேயே நிற்கிறது. பட்டையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஊற்றியது மெல்ல வழிந்து பட்டைக்குள் இறங்கியதும், எண்ணெய்க் கையால் ஜாடி மூடியைத் திருகினால் எப்படி வழுக்குமோ அப்படி வழுக்கியிருக்கிறது. ஓடி ஓடி எண்ணெய் சிதறிக் காய்ந்த பிறகு, மறுநாள் பழையபடி பிடித்துக்கொள்கிறது.

அவளுடைய வாதம் அவள் காதிலேயே கேட்டது. கார்த்திகை அமாவாசைக்குப் பூசை இல்லை. பூசை இல்லாததால் எண்ணெய் இல்லை. எண்ணெய் இல்லாததால் ஒரு மிதிக்கு ஒரு அடி. மொத்த பதிலையும் மேனேஜர் மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டு, அதை வைத்தே சம்பந்தம் இல்லை என்று அடித்துப் பேசியிருக்கிறாள். பூவராகவன் சொன்ன காரணம் கோணல். ஆனால் அவர் கண்ணால் பார்த்தது நிஜம். காரணம் கோணல் என்று கண்டுபிடித்த குஷியில் அவர் பார்த்ததையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் நம்பர் மட்டும் ஏன் என்பதும் விளங்கியது. பயந்த மனுஷன் மெஷினைச் சமாதானப்படுத்த எண்ணெய் ஊற்றுகிறார், அது அடிக்கிறது. அடுத்த மாதம் இன்னும் பயந்து இன்னும் ஊற்றுகிறார்.

இதை நேராகப் போய்ச் சொல்லலாம். சொன்னால் கணேசன் கேட்கிற முதல் கேள்வி, எண்ணெய் ஊற்றியது யார் என்பதுதான். பூவராகவன் ஐடி கார்டு அன்றைக்கே கேட்டுக்குப் போய்விடும். ஆளைச் சொல்லாமல் சொல்லிப் பார்ப்போம் என்று, எண்ணெய் அபிஷேகம் மட்டும் வேண்டாமே சார் என்று கணேசனிடம் இழுத்தாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூசைக்கும் பிரஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லன்னு நீதானமா சொன்ன? அப்போ நான் எண்ணெய் ஊத்துனா உனக்கு இன்னா?"

இதற்கு யார் பெயரை வைப்பது என்று ஜெனிபருக்குத் தெரியவில்லை. அந்த ஆள் அவள் வாதத்தையே எடுத்து அவளை அடித்துவிட்டார், எங்கேயும் பிசிறு இல்லை. திரும்பி வந்துவிட்டாள்.

பஸ் வருகிற நேரத்தில் பூவராகவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். பட்டை, எண்ணெய், கார்த்திகை அமாவாசை, எல்லாம். அவர் சண்டை பிடிக்கவில்லை. அம்மன் என்று பேசவில்லை. கேட்டு முடித்ததும் தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்தார்.

"அப்போ இன்னிக்கு உன் விரலு போயிருந்தா, அது நான் எடுத்ததாமா?"

அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஆண்டவர் காப்பாத்தினாரு, விடுணா என்றாள். அவர் அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து வைக்க மறந்துவிட்டார். இரண்டு பேரும் நின்றுகொண்டே போனார்கள்.

மறுநாள் மேனேஜர் அறையில் மகா பூசைக்கான கூட்டம். கணேசன் எண்ணெய் எத்தனை டின் என்று பேசிக்கொண்டிருந்தபோது பூவராகவன் எழுந்தார். ராத்திரி கனவில் அங்காளம்மன் வந்தாள் என்றார். தலைவிரி கோலமாக வந்து, ஏண்டா என் மேல எண்ணெயைக் கொட்டுற, உடம்பெல்லாம் எரியுது, இனிமே ஒரு சொட்டு பட்டாலும் ஆளை எடுத்துடுவேன் என்று உறுமினாளாம். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெனிபருக்கு விளங்கிவிட்டது. நேற்று அவள் சொன்ன விஷயம்தான், அம்மன் வாயில் போட்டு எடுத்து வந்திருக்கிறார்.

கணேசனுக்குச் சந்தேகம். நேற்று வரைக்கும் குளிர்ச்சி கேட்ட அம்மனுக்கு இன்றைக்கு எப்படி எரிகிறது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். போதாததற்கு, மூன்றாம் நம்பருக்கு அதிகமாக ஊற்றியது யார் என்று யோசிக்கவும் ஆரம்பித்தார். மேனேஜர் நாற்காலியைத் திருப்பினார்.

"ஜெனிபர், நீங்கதான் இதுல எக்ஸ்பர்ட். நீங்க சொல்லுங்க. இது எந்த வகை?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பூவராகவன் மட்டும் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய ஐடி கார்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இது எந்த வகை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கனவை ஆதாரமாகக் காட்டுவது, சாமி பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவது, இரண்டும் அந்த அம்மாள் திரையில் போட்ட படத்திலேயே இருந்தது. உண்மையைத்தான் பேசுவேன் என்று இதே அறைக்கு வந்து அவள் கிழித்தது போதும்.

"சார்," என்றாள், "எனக்கும் வந்துச்சு."

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு அம்மன் முகமெல்லாம் தெரியாது சார். யாரோ ஒரு பொம்பளை, செவப்புப் பொடவை. பிரேக்கு மேல எண்ணெய் படக்கூடாதுன்னு சொன்னா. பழைய பட்டையை அவுத்துப்புட்டுப் புதுப் பட்டை சாத்தணுமாம். மேல தகரத்துல ஒரு மூடி போடணுமாம். எல்லா மிஷினுக்கும்."

கணேசனுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது, முழுக்கைச் சட்டையை மடித்து எல்லாருக்கும் காட்டினார். வேதக்காரப் பெண்ணின் கனவில் அம்மன் வருகிறாள் என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மதிவாணன் அன்றைக்கே ஆள் அனுப்பிப் பட்டைகளை மாற்றி, டிரம்களுக்கு மேல் தகர மூடி போடச் சொன்னார். மூடி கேட்டுப் பாதுகாப்புக் கமிட்டியில் பல தடவை பேசியாயிற்று, பட்ஜெட் இல்லை என்றவர் அவர். அம்மன் கேட்டதும் பட்ஜெட் வந்துவிட்டது. மூடிகளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். எண்ணெய்க்குப் பதில் வெறும் துணி.

சாயங்காலம் வீட்டில் சொன்னதும் எபினேசர் சோற்றில் கையை வைத்தபடி, இன்னிக்கு அம்மன் கனவு, நாளைக்கு மொட்டை, நாளான்னிக்கு நீ தீ மிதிப்ப, பாஸ்டர் நம்ம பேரை எடுத்துடுவாரு என்றான். ஜெனிபர் பெயர் சொல்லாமல் குழம்பை ஊற்றினாள்.

அடுத்த அமாவாசை வந்தது. பூசை முடிந்ததும் பூவராகவன் மூன்றாம் நம்பரில் தானே போய் உட்கார்ந்தார். ஒரு மிதிக்கு ஒரு அடி. சாயங்காலம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பஸ்ஸில் துண்டு போட்டு ஜன்னலோரம் பிடித்து வைத்திருந்தார். பஸ் சிப்காட்டைத் தாண்டுவதற்குள் ரகசியம் சொல்கிற குரலில் பக்கத்தில் சாய்ந்தார்.

"நான் சொன்ன கனவு பொய்யிமா. நீ சொன்ன எண்ணெய் விஷயத்தைத்தான் அப்டி மாத்திச் சொன்னேன்."

எனக்குத் தெரியும்ணா என்றாள் ஜெனிபர்.

"ஆனா உனக்கும் வந்துச்சுன்னு நீ சொன்ன பாரு, அப்பத்தான் எனக்கே உடம்பு சிலுத்துப்போச்சு. எண்ணெய், பட்டை எல்லாம் சும்மா. அம்மன்தான். நீ பொய் சொல்லமாட்டியே."

ஜெனிபர் வாயைத் திறந்தாள். பூவராகவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே சிப்காட்டின் புகைபோக்கிகள் போய்க்கொண்டிருந்தன. சொல்கிறவர் இன்னார் என்பதற்காகவே சொன்னதை நம்பிவிடுவதற்கும் அந்த அம்மாள் ஒரு பெயர் சொன்னார், படம்கூடப் போட்டார். அந்தப் படத்துக்கு மட்டும் பின்வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. அதற்கு யார் பெயர் வைக்கலாம் என்று ஸ்டாப் வருகிற வரைக்கும் யோசித்துப் பார்த்தாள். அவள் பெயரைத் தவிர வேறு எதுவும் பொருந்தவில்லை.